தூங்க வைத்த பிரஷர் மாத்திரை

ஜூன் 3, திங்கள்

இன்று முதல் எனக்கு மூன்றாம் ஜன்னல் இல்லை.

மணல்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மருந்தாளுநராகச் சேர்ந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அதில் பதினான்கு வருடம் மருந்து கொடுக்கும் மூன்றாம் ஜன்னலில்தான் நின்றேன். ஒரு நாளைக்கு முந்நூறு பேருக்குக் குறையாது. "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்ட்ட பொறவு, அடுத்த ஆள்" என்று ஒரே மூச்சில் சொல்லுவேன். மற்ற ஜன்னல்காரர்கள் முயன்று பார்த்துத் தோற்றிருக்கிறார்கள்.

இனி இரண்டு மாதம் மருந்துப் பக்கவிளைவுக் கண்காணிப்பு மையத்தில் வேலை. மையம் என்றால் எக்ஸ்ரே அறைக்குப் பின்னால் ஒரு மேஜை, ஒரு பீரோ, சுற்றும்போது முனகுகிற ஒரு மின்விசிறி. அங்கே இருந்த பெண் பிரசவ விடுப்பில் போயிருக்கிறாள். மருந்தியல் பேராசிரியை ஹமீதா பானு மேடம்தான் பொறுப்பு.

"மாத்திரையக் குடுத்ததோட நம்ம வேலை முடிஞ்சுதுன்னு நினைக்கிறோம், ஆவுடையப்பன். அது உள்ள போயி என்ன செஞ்சுதுன்னு யாராவது கேக்கணும்லா? கேட்டு இந்தப் படிவத்துல எழுதணும். இங்கேருந்து டெல்லிக்குப் போகும். நாடு பூரா இருந்து வர்றதைச் சேத்துப் பார்த்தாத்தான் எந்த மருந்துல கோளாறுன்னு அரசாங்கத்துக்குத் தெரியும்."

"போன வருஷம் எத்தனை படிவம் போச்சு மேடம்?"

"நாலு."

"எண்ணூறு படுக்கை ஆஸ்பத்திரிக்கு நாலா?"

"அதுல ரெண்டு எனக்கு வந்த அரிப்பைப் பத்தி நானே எழுதினது."

ஜூலைக் கடைசியில் டெல்லியிலிருந்து ஆய்வுக் குழு வருகிறதாம். இப்படியே இருந்தால் மையத்தை மூடிவிடுவார்களாம். நடைக்கூடத்தில் நிலைய மருத்துவ அலுவலர் வேதமாணிக்கம் பிடித்துக்கொண்டார். "ஆவுடை, படிவம் கிடிவம்னு அலையாதீரும். பக்கவிளைவு பூஜ்யம்னா நம்ம ஆஸ்பத்திரி சுத்தம்னு அர்த்தம்" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

ஜூன் 5

வார்டு வார்டாகப் போய் டாக்டர்களிடம் கேட்டேன். "பேஷண்ட் உயிரோடதானே இருக்காரு?" என்றார் ஒருவர். இன்னொருவர் படிவத்தை வாங்கி மடித்து, ஆடுகிற மேஜைக் காலுக்கு அடியில் வைத்தார். மேஜை ஆட்டம் நின்றது. அந்த வகையில் பயன்.

ஜூன் 6

யாரும் வரவில்லை. மின்விசிறிக்கு எண்ணெய் விட்டேன்.

ஜூன் 10, திங்கள்

முதல் ஆள் வந்துவிட்டார். மீன் விற்கிற ரோசலின், வயது நாற்பத்தெட்டு. உள்ளே வந்து என்னைப் பார்த்ததும் கதவோரம் நின்றுவிட்டார்.

"மூணாம் நம்பர் சாரா? நர்சம்மா வேற ஆளுன்னுல்லா சொன்னாவ."

"உக்காருங்க. என்ன விஷயம்?"

"ஏச மாட்டியளே?"

"மாட்டேன்."

"பிரஷர் மாத்திர போட்டதுலேருந்து ஒரே சொக்கு சார். நேத்து சந்தையில தராசப் புடிச்ச கையோட தூங்கிட்டேன். முழிச்சுப் பாத்தா தட்டுல இருந்த சீலா மீனக் காணும். பூனை எதிர்த்த கடை மேல உக்காந்து திங்குது. நான் தூங்குறத அத்தன பேரும் வேடிக்க பாத்துருக்காவ, ஒரு ஆளு எழுப்பல."

மேடம் வந்து ரத்த அழுத்தம் பார்த்தார். நூற்று எழுபது. "பிரஷர் மாத்திரை போட்டா பிரஷர் இறங்கணும். இங்க பிரஷர் ஏறுது, ஆள் இறங்குறாங்க" என்றார்.

ரோசலின் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்திருந்தார். வெற்றிலை பாக்கோடு சேர்த்து இடுப்பில் செருகிக்கொள்ள வசதியாம். மேடம் வகுப்புக்குப் போன பிறகு ஒரு மாத்திரையை எடுத்துப் பார்த்தேன். வெள்ளை, உருண்டை, நடுவில் ஒரு கோடு.

பிரஷர் மாத்திரையில் கோடு கிடையாது. கோடு போட்டது சளிக்கும் அரிப்புக்கும் கொடுப்பது; போட்டால் தூக்கம் வரும்.

எங்கோ சின்னதாக ஏதோ தவறியிருக்கிறது. ரோசலினுக்குப் புது மாத்திரை வாங்கிக் கொடுத்து, பழையதை ஒரு உறையில் போட்டு மேஜை இழுப்பறைக்குள் வைத்தேன். படிவம் நாளை எழுதலாம்.

ஜூன் 11

படிவத்துக்கு நேரம் இல்லை. பீரோவைத் துடைத்து, பழைய கோப்புகளைத் தேதிவாரியாக அடுக்கினேன். மதியம் சும்மா மூன்றாம் ஜன்னல் பக்கம் போய் வந்தேன். என் இடத்தில் நிற்கும் பையனிடம் நலம் விசாரித்தேன். அப்படியே மே மாத வழங்கல் பதிவேட்டையும் ஒரு பார்வை பார்த்தேன். சளி மாத்திரைத் தட்டும் பிரஷர் மாத்திரைத் தட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. மார்ச் மாதம் அப்படி மாற்றி வைத்தது நான்தான். நடை மிச்சமாகும் என்று.

இரண்டு அட்டைகளும் ஒரே மாதிரி வெள்ளித் தகடு, ஒரே மாதிரி நீல எழுத்து.

ஜூன் 13

தையல்காரர் கந்தப்பழம் வந்தார். கணக்கு வாத்தியார் ஒருவரின் சட்டைக்குக் கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கையை வைத்துத் தைத்துவிட்டாராம். "முப்பத்தஞ்சு வருஷத் தொழில் சார். மிஷின்லயே தல சாஞ்சிட்டு. வாத்தியார் அந்தச் சட்டையப் போட்டுப் பாக்க வேற செஞ்சாரு." சிரித்துக்கொண்டே சொன்னாலும் கண் சிவந்திருந்தது. அழுத்தம் நூற்று எண்பது.

அவர் வீட்டிலும் மாத்திரையைப் பிதுக்கி, கிழமை எழுதிய டப்பாவில் போட்டுத்தான் வைக்கிறார்கள். அட்டை குப்பைக்குப் போய்விட்டது. மாத்திரையின் நடுவில் கோடு. மே மாதம் பத்தாம் தேதி, மூன்றாம் ஜன்னல்.

புது மாத்திரை கொடுத்து அனுப்பினேன். மேஜை இழுப்பறைக்குள் இப்போது இரண்டு உறைகள்.

இரவுச் சாப்பாட்டில் லோகநாயகி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மோருக்கு மூணாவது தடவையா உப்புப் போடுதிய" என்றாள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், எதையும் எண்ணிவிடுவாள். வேலை அதிகம் என்றேன்.

ஜூன் 14

மழை. யாரும் வரவில்லை. குடையைச் சரி செய்யக் கொடுத்தேன்.

ஜூன் 18, செவ்வாய்

காலை எட்டரை மணிக்கு உப்பளச் சாலையில் டவுன் பஸ் ஒன்று சாலையை விட்டு இறங்கி ஓர் உப்புக் குவியலுக்குள் புகுந்து நின்றுவிட்டது. ஆள் உயரத்துக்கு மேல் குவித்திருந்த உப்பு. அதனால்தான் பஸ் மெத்தையில் மோதியது போல நின்றிருக்கிறது. உள்ளே முப்பத்தெட்டுப் பேர். கண்டக்டருக்கு முழங்கையில் சிராய்ப்பு. அதில் உப்பு பட்டு அவர் போட்ட சத்தத்தில்தான் டிரைவர் விழித்தாராம். உப்பு இல்லையென்றால் அடுத்தது வாய்க்கால்.

டிரைவர் பெயர் சூசை மரியான். குடித்திருக்கிறாரா என்று ஊதச் சொல்லிப் பார்த்தார்கள், இல்லை. அப்படியானால் வேறு ஏதாவது போட்டிருப்பார் என்று அதிகாரிகள் அங்கேயே சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். நான்காம் வார்டில் கிடந்தார். போய்ப் பார்த்தேன்.

"சார், பத்தொம்பது வருஷமா ஓட்டுதேன். ஒரு கோழிக்குஞ்சு மேல ஏத்துனதில்ல. எனக்கு ஒரு வியாதியும் கெடையாது, இந்தப் பிரஷரத் தவிர. அதுக்கும் ஒழுங்கா மாத்திர போட்டுட்டுத்தான் வண்டி எடுக்கேன்."

"மாத்திரை எங்க வாங்குனது?"

"இங்கதான். நீங்கதான் குடுத்திய."

அவர் மனைவி ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினார். உள்ளே ஐந்து மாத்திரைகள். பிரித்துப் பார்க்காமலே எனக்குத் தெரியும்.

பிரித்துப் பார்த்தேன்.

ஜூன் 19, புதன்

காலையில் மூன்று படிவம் எழுதினேன். ரோசலின், கந்தப்பழம், சூசை மரியான். பெயர், வயது, மருந்து, தேதி, என்ன நடந்தது. கடைசியில் "பிற தகவல்" என்று ஒரு கட்டம் உண்டு. மூன்றிலும் ஒரே வாசகத்தை எழுதினேன்: "மாத்திரை வழங்கியவர் மூன்றாம் ஜன்னல் மருந்தாளுநர் பா. ஆவுடையப்பன். அட்டை மாற்றிக் கொடுத்திருக்க வாய்ப்பு உண்டு. முதல் புகார் வந்து ஒன்பது நாள் கழித்து இதை எழுதுகிறேன். தாமதத்துக்கும் நானே பொறுப்பு."

மேடம் மூன்றையும் இரண்டு முறை படித்தார். மேஜை இழுப்பறையைத் திறந்து உறைகளைக் காட்டினேன்.

"ஒம்பது நாளாவா?"

"ஆமா மேடம்."

"ஏன் சொல்லல?"

"பயம்."

கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "இந்தப் படிவம் ஆளப் புடிக்கிறதுக்கு இல்ல, ஆவுடையப்பன். தப்பப் புடிக்கிறதுக்கு. அத நீங்க புரிஞ்சுக்கல. நானும் சொல்லித் தரல. இனிமே ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது, சரியா?" உடனே மாவட்ட மருந்து ஆய்வாளருக்கு போன் போட்டார்.

வேதமாணிக்கம் சார் அறைக்கே வந்துவிட்டார். "நீரே ஒம்ம தலையில மண்ணள்ளிப் போடுவீரா? குழு வர்ற நேரத்துல! பேசாம புது மாத்திரையக் குடுத்து முடிச்சு விட்டா யாருக்கு வே தெரியப் போகுது?"

"டிரைவருக்கு வேலை போயிட்டுதே சார்."

அவர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்.

வீட்டில் லோகநாயகியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சஸ்பென்ஷன் வரலாம் என்றும் சொன்னேன். "அதுக்குத்தானா மோருல அத்தன உப்பு?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு இன்னொரு தோசை வைத்தாள். பல நாளைக்குப் பிறகு ருசி தெரிந்தது.

ஜூன் 20

மருந்து ஆய்வாளர் எழிலரசி வந்தார். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். ஸ்கூட்டரை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே பதிவேட்டைக் கேட்டார். இரண்டு மணி நேரம் பார்த்தார்.

"சார், நீங்க ஒரு நாள் அட்டை மாத்திக் குடுத்திருந்தா ஒரு நாள் வாங்குனவங்களுக்குத்தான் வரணும். தையல்காரர் மே பத்து. மீன்கார அம்மா மே பதினேழு. டிரைவர் மே இருபது. மூணு நாளும் உங்களுக்கு ஒரே தப்பு வந்துச்சா?"

"நான் வேகமாக் குடுப்பேன் மேடம்."

"வேகமாத் தப்புப் பண்ணுறவங்க விதவிதமாப் பண்ணுவாங்க. இது ஒரே மாதிரி இருக்கு. மூணு பேருக்கும் ஒரே தொகுதி எண், அதாவது ஒரே பேட்ச், போயிருக்கு பாருங்க. அட்டைக்குள்ளயே தப்பான மாத்திரை இருந்திருக்கலாம்ல?"

அந்த அட்டை இரண்டு பக்கமும் தகடு ஒட்டியது. உள்ளே இருப்பது வெளியே தெரியாது. எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று யோசித்தேன். எனக்கு என்னைப் பற்றித்தான் யோசிக்க நேரம் இருந்திருக்கிறது.

ஆனால் அந்தத் தொகுதி எங்களிடம் மே மாதக் கடைசியிலேயே தீர்ந்துவிட்டது. கிடங்கிலும் இல்லை. பிதுக்கிய மாத்திரை சாட்சி ஆகாது. எந்த அட்டையில் இருந்தது என்று யார் சொல்வது? பிரிக்காத அட்டை ஒன்றாவது வேண்டும். ஏப்ரல் கடைசியில் இருந்து வாங்கிய நானூறு பேரில் யாராவது ஒருவர் மாத்திரையைச் சாப்பிடாமல் வைத்திருக்க வேண்டும்.

"டாக்டர் சொன்னபடி கேக்காத ஒரு நல்ல மனுஷன் வேணும்" என்றார் ஹமீதா மேடம்.

ஜூன் 21

மாதா கோயிலிலும் பள்ளிவாசலிலும் அறிவிப்புச் செய்யக் கேட்டுக்கொண்டேன். சூசை மரியானின் நண்பர்கள் எல்லா டவுன் பஸ்ஸிலும் தாள் ஒட்டினார்கள்: "அரசு ஆஸ்பத்திரி பிரஷர் மாத்திரை மீதி வைத்திருப்பவர்கள் அட்டையோடு வரவும். யாரும் ஏச மாட்டார்கள்." கடைசி வரி ரோசலின் சொல்லிச் சேர்த்தது. சந்தைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவரே விசாரிக்கிறார். மீன் வெட்டுகிற நேரத்தில் யாரும் ஓட முடியாதல்லவா.

ஜூன் 22

ஐம்பத்தேழு பேர் வந்தார்கள். பொட்டலம், பை, டப்பா. ஒருவர் எட்டு வருட மாத்திரைகளை ஒரு பிஸ்கட் டின்னில் கொண்டு வந்து கொட்டினார். தேடியது மட்டும் கிடைக்கவில்லை.

ஆனால் உட்கார்ந்து கேட்டதில் பதினொரு படிவம் எழுதினேன். ஒருவருக்கு வலி மாத்திரையால் வயிற்றில் எரிச்சல். ஒரு அம்மாவுக்கு ஊசி போட்ட பிறகு உதடு வீங்கியிருக்கிறது, ஆறு மாதமாக யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "யாரும் கேக்கல்லியே" என்றார்.

ஜூன் 24, திங்கள்

இதைச் சரியாக எழுத வேண்டும்.

காலையில் உப்பள வாசலுக்குப் போனேன். வேலைக்குப் போகிறவர்கள் ஏழு மணிக்கு அங்கே கூடுவார்கள். அறிவிப்பைச் சொல்லி முடித்ததும் ஒரு பெண் முன்னால் வந்தார். பேச்சித்தாய், ஐம்பது வயது இருக்கும். காலில் ரப்பர் பூட்ஸ், தலையில் துண்டு.

"எங்கிட்ட இருக்கு. ஆனா ஒமக்குத் தர மாட்டேன்" என்றார்.

"ஏம்மா?"

"ஏப்ரல் கடைசியில மாத்திர வாங்க வந்தேன்லா? ரெண்டு மாத்திர போட்டுட்டு வரப்புல தல சுத்தி உக்காந்துட்டேன். ஏப்ரல் இருபத்தொம்பது, அரைநாள் வேலைய விட்டுட்டு ஒம்ம ஜன்னலுக்கு வந்தேன். 'சார், இந்த மாத்திர என்னமோ செய்யி'ன்னேன். நீரு என் மூஞ்சியக்கூடப் பாக்கல. 'டாக்டர்ட்ட சொல்லு, அடுத்த ஆள்'ன்னீரு. பின்னால நின்னவன் என்னயத் தள்ளிட்டுப் போனான்."

எனக்கு ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அன்று முந்நூறு பேரில் ஒருவர்.

"ஞாபகம் இல்லம்மா. ஆனா நான் அப்படிச் சொல்லியிருப்பேன். தப்புதான்" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பேச்சித்தாய் சிரிக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். "மூஞ்சி இப்பந்தான் தெரியுது. ஜன்னல்ல கை மட்டுந்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு, பக்கத்துத் தெருவில் இருந்த தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

சாமி படத்துக்குப் பின்னால் இருந்து எடுத்துத் தந்தார். மூன்று அட்டைகள். ஒன்றில் இரண்டு மாத்திரை மட்டும் பிதுக்கியிருந்தது, மற்ற இரண்டும் முழுசு. பிரஷர் மாத்திரையின் பெயர், அதே தொகுதி எண், எல்லாம் தெளிவாக அச்சாகியிருந்தது.

"ஏம்மா தூரப் போடல?"

"அரசாங்கத்து மருந்துல்லா. யாராச்சும் ஒரு நாள் கேப்பாவன்னு வச்சிருந்தேன்."

போன் செய்ததும் எழிலரசி வந்து முழு அட்டைகளுக்கு அங்கேயே சீல் வைத்தார். பிரித்திருந்த அட்டையில் இருந்து மட்டும் ஒரு மாத்திரையைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். நடுவில் கோடு. நான் அந்த வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். பேச்சித்தாய் தண்ணீர் கொடுத்தார். "என்ன சார், நீரும் மாத்திர போட்டீரா?" என்று கேட்டார். அப்போதுதான் அவர் சிரித்தார்.

ஜூன் 25

பேச்சித்தாயின் படிவம் எழுதினேன். அவரை மேடம் பார்த்து வேறு மாத்திரை கொடுத்தார். முழு அட்டைகள் அரசு ஆய்வகத்துக்குப் போய்விட்டன. அந்தத் தொகுதி போன ஆறு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கொடுப்பதை நிறுத்தச் சொல்லி எழிலரசி உத்தரவு போட்டார். இரண்டு இடத்தில் இன்னும் பெட்டி பிரிக்காமல் இருந்ததாம்.

ஜூலை 1

மொத்தம் முப்பத்தாறு படிவங்கள். மேஜைக் காலுக்கு வைத்த டாக்டர் வந்து இன்னும் பத்துத் தாள் கேட்டார். மேஜைக்கா என்றேன். "இல்ல வே, எழுதத்தான்" என்றார்.

ஜூலை 4

முடி வெட்டிக்கொண்டேன். ஆய்வக முடிவு வரவில்லை.

ஜூலை 9

வரவில்லை. சூசை மரியான் தினமும் பதினோரு மணிக்கு வந்து எதிரில் உட்காருகிறார். சும்மா இருக்க முடியாதவர். வருகிறவர்களுக்கு வரிசைச் சீட்டு கொடுக்கிறார், வயசானவர்களைக் கைபிடித்துக் கூட்டி வருகிறார். "ரைட், போலாம்" என்று அவர் சொன்னால்தான் அடுத்தவர் எழுந்திருக்கிறார்.

ஜூலை 15, திங்கள்

பன்னிரண்டு மணிக்கு எழிலரசி போன். "சார், உக்காந்திருக்கீங்களா?"

"உக்காந்திருக்கேன் மேடம்."

"அட்டைக்குள்ள இருந்தது பிரஷர் மாத்திரையே இல்ல. கம்பெனியில ஒரே கூடத்துல ரெண்டு மாத்திரையும் அட்டை போட்டிருக்காங்க. சளி மாத்திரை பீப்பாய் ஒண்ணு பிரஷர் அட்டை போடுற மிஷினுக்கு வந்துடுச்சு. மாநிலம் முழுக்க அந்தத் தொகுதியத் திரும்ப எடுக்க உத்தரவு போயாச்சு. உங்க கை தப்புப் பண்ணல."

எதிரில் சூசை மரியான் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னேன். அவர் எழுந்து என்னைக் கட்டிக்கொண்டார். வரிசையில் இருந்தவர்கள் யாருக்குக் குழந்தை பிறந்தது என்று விசாரித்தார்கள்.

டிரைவர் மேல் தவறில்லை என்று போக்குவரத்து அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வேண்டும். வேதமாணிக்கம் சார் கையெழுத்துப் போட மாட்டாரோ என்று பயந்து போனேன். அவர் ஏற்கெனவே தட்டச்சு செய்து வைத்திருந்தார். "எமது மருத்துவமனையின் விழிப்பான கண்காணிப்பால்" என்று தொடங்கியது. நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 17

சூசை மரியானுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. லோகநாயகி கேசரி செய்து மையத்துக்குக் கொடுத்து விட்டாள். ரோசலின் ஒரு முழுச் சீலா மீன் கொண்டு வந்தார். எனக்குப் பின்னால் பீரோ மேல் வைத்துவிட்டுப் பூனை வருகிறதா என்று காவலும் இருந்தார்.

ஜூலை 25, வியாழன்

குழு வந்தது. மூன்று பேர். தலைவி வங்காளத்து அம்மா, டாக்டர் நந்திதா. படிவங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அறுபத்து மூன்று. ஆய்வக முடிவையும் பார்த்தார். வேதமாணிக்கம் சார் எங்கள் விழிப்பைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசினார். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது.

அப்போது அந்த அம்மா ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டார்: இந்த மாத்திரை பற்றி முதல் புகார் எப்போது வந்தது?

மையத்துக்குப் புகார் வந்த முதல் தேதி ஜூன் பத்து. அதைச் சொன்னால் போதும். யாரும் மேலே கேட்கப் போவதில்லை. வேதமாணிக்கம் சார் "ஜூன் டென்" என்று சொல்லியும்விட்டார்.

"இல்ல சார்" என்றேன். என் குரல் எனக்கே கேட்டது. "ஏப்ரல் இருபத்தொம்பது. உப்பள வேலை பாக்குற பேச்சித்தாய் அம்மா மூணாம் ஜன்னல்ல வந்து எங்கிட்ட சொன்னாங்க. நான் கேக்கல. கேட்டிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். பஸ் உப்புக்குள்ள போயிருக்காது."

ஹமீதா மேடம் அதை ஆங்கிலத்தில் சொன்னார். டாக்டர் நந்திதா பேனாவை எடுத்து, இதை அறிக்கையில் எழுதலாமா என்று கேட்டார்.

"எழுதுங்க."

எழுதினார். பிறகு வேறொன்று கேட்டார். ஒரு நாளைக்கு முந்நூறு பேர் என்றால் ஒரு ஆளுக்கு எவ்வளவு நேரம்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். "ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். வேதமாணிக்கம் சார் என்னை முறைக்க ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திவிட்டு, "அது வாஸ்தவந்தான் மேடம், ஜன்னலும் பத்தல, ஆளும் பத்தல" என்றார்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். லோகநாயகியிடம் சொன்னதும், "ஏன் சொன்னிய?" என்று அவள் கேட்கவில்லை. "சாப்பிட வாங்க" என்றாள்.

ஜூலை 31

ஆணை வந்தது. மையம் மூடவில்லை. விடுப்பில் போன பெண் திரும்பி வந்த பிறகும் நான் இங்கேயே இருக்க வேண்டுமாம். ஏப்ரல் இருபத்தொன்பதுக்காக ஒரு விளக்கம் கேட்கும் கடிதமும் கூடவே வந்தது. நியாயம்தான். பதில் எழுதிக் கொடுத்தேன். ஐந்தாவதாக ஒரு ஜன்னல் திறக்கப் போகிறார்கள். நான்கு ஜன்னலுக்கு மேலும் பெரிய எழுத்தில் எங்கள் போன் நம்பரை எழுதிவிட்டார்கள்: "மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையா? சொல்லுங்கள்."

ஆகஸ்ட் 2, வெள்ளி

புது நம்பருக்கு முதல் அழைப்பு. வெள்ளைத்துரை, அறுபத்தாறு வயது, ஓய்வு பெற்ற தபால்காரர்.

"சார், அந்தப் பிரஷர் மாத்திரயத் திருப்பி வாங்கிட்டு வேற குடுத்தியள்லா?"

"ஆமா. ஏதாவது செய்யுதா?"

"ஒண்ணுமே செய்யல சார்! அதான் கஷ்டம். அந்த மாத்திர போட்டப்ப ஒம்பது மணிக்குப் படுத்தா காலைல காக்கா கத்துறப்பதான் முழிப்பேன். முப்பது வருஷத்துல அப்படித் தூங்குனதில்ல. இது வந்ததுலேருந்து மோட்டுல ஓடு எண்ணிக்கிட்டு கெடக்கேன். பழசுல ரெண்டு அட்ட ஒளிச்சு வச்சிருப்பியள்லா?"

பிரஷர் எவ்வளவு என்று கேட்டேன். நேற்றுதான் பார்த்தாராம், நூற்று முப்பது. அந்த மாத்திரை இனி கிடையாது என்று புரிய வைக்கப் பத்து நிமிடம் ஆனது. தூக்கம் வராததற்குக் காரணம் பார்க்கலாம், திங்கட்கிழமை வாருங்கள் என்றேன். படிவம் எடுத்து, என்ன நடந்தது என்ற கட்டத்தில் அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதினேன். மேடம் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "இதையும் டெல்லிக்கு அனுப்புங்க" என்றார்.

போனை வைக்கும் முன், திங்கட்கிழமை வரும்போது முழங்கால் வலியைப் பற்றியும் மருமகனைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, நேரம் இருக்குமா என்று வெள்ளைத்துரை கேட்டார். இருக்கிறது, நிதானமாகச் சொல்லுங்கள் என்றேன்.